மொட்டை மாடில ஒரு பீரியட்: சியால்டா லொரெட்டோ ஸ்கூல் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசில டேலன்ட்ஸ் டே நடக்கும். கத்தோலிக்க ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், காலைல செபம், குத்துவிளக்கு, பங்குத்தந்தை ரெண்டே வார்த்தைன்னு மைக்க வாங்கி இருபது நிமிஷம், அப்புறம் அதே பாட்டு, அதே டான்ஸ், அதே நாலு பிள்ளைங்க. போன வருஷம் எனக்கு ஸ்டேஜ் ஓரத்துல நின்னு பிள்ளைங்கள வரிசையா ஏத்தி விடுற டியூட்டி, சும்மா நிக்குறதுக்கு எண்ணிப் பாத்தேன். அறுநூத்திச் சொச்சம் பேர் படிக்கிற ஸ்கூல்ல மேடை ஏறினது 58 பேர். அதுலயும் ஒருத்தியே பாட்டுக்கும் வந்தா, பரதத்துக்கும் வந்தா, இங்கிலீஷ் பேச்சுப் போட்டிக்கும் வந்தா. மிச்சப் பேர் வெயில்ல உக்காந்து கை தட்டினாங்க. சேர் தூக்கிப் போட்டது, டீ ஊத்திக் குடுத்தது, காத்துல ஷாமியானா கயிறு அவுந்தப்ப ஓடிப் போய் இழுத்துக் கட்டினது எல்லாம் அந்த மிச்சப் பேர்தான், அதுக்கு யாரும் ஷீல்டு குடுக்கல.

அன்னிக்கு ஃபாதர் பேசினதும் வழக்கம்போல மத்தேயு 25, தாலந்து உவமை. ஒருத்தனுக்கு அஞ்சு, ஒருத்தனுக்கு ரெண்டு, ஒருத்தனுக்கு ஒண்ணு, அந்த ஒண்ணு வாங்கினவன் மண்ணத் தோண்டிப் புதைச்சு வச்சிட்டான். தாலந்துங்கிறது அந்தக் காலத்துல திறமை இல்ல, அது ஒரு எடை, வெள்ளிப் பணம், ஒரு கூலியாளு கிட்டத்தட்ட இருபது வருஷம் உழைச்சாதான் ஒரு தாலந்து கையில பாக்க முடியும்னு சொல்வாங்க. டேலன்ட்னா திறமைன்னு இங்கிலீஷ்ல அர்த்தம் வந்ததே இந்தக் கதைலேர்ந்துதான். நாமளும் சர்ச் பக்கம் "அவளுக்கு நல்ல தாலந்து இருக்கு"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போறோம். எனக்கு அந்தக் கதைல ஒண்ணு எப்பவும் உறுத்தும், புதைச்சவன எல்லாரும் திட்டுறோம், மத்த ரெண்டு பேரும் அத எங்க கொண்டு போனாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. வியாபாரம் பண்ணாங்க. அதாவது வெளிய, சந்தைக்கு, முன்னப்பின்ன தெரியாத ஆளுங்ககிட்ட. அவங்க மேடை போட்டு எசமானுக்கு காட்டல.

இதையெல்லாம் ஸ்டாஃப் ரூம்ல புலம்பினது சிஸ்டர் காதுல விழுந்து, "அப்போ அடுத்த மாசம் டீச்சர்ஸ் மீட்டிங்குக்கு நீங்களே ஏதாவது ஒரு ஸ்கூல எடுத்து கேஸ் ஸ்டடி மாதிரி எழுதிட்டு வாங்க மிஸ்"னு தலையில கட்டிட்டாங்க. நான் எடுத்தது கல்கத்தா சியால்டால இருக்குற லொரெட்டோ டே ஸ்கூல். மீட்டிங்ல வாசிச்சது ரெண்டு பக்கம்தான், டைம் இல்லைன்னு மணி அடிச்சுட்டாங்க. முழுசா இங்க எழுதுறேன்.

இடம்

சியால்டான்னா முதல்ல ஸ்டேஷன். ஹவுரா அளவுக்கு வெளியூர்ல பேர் இல்லையே தவிர கூட்டத்துல அதுக்குக் குறைஞ்சது இல்ல. தெற்குப் பக்கம் கேனிங், லக்‌ஷ்மிகாந்தபூர்லேர்ந்து வர்ற லோக்கல் ட்ரெயின்ல விடியக்காலம் நகரத்து வீடுகளுக்கு பாத்திரம் தேய்க்க, வீடு கூட்ட வர்ற பொம்பளைங்க கூட்டம் கூட்டமா இறங்குவாங்க. 1947-க்கு அப்புறம் கிழக்கு வங்காளத்துலேர்ந்து ஓடி வந்த குடும்பங்க இந்த பிளாட்ஃபாரத்துலதான் மாசக்கணக்குல கிடந்தாங்க. அப்படிப்பட்ட ஸ்டேஷனச் சுத்தி பிளாட்ஃபாரத்துல, நடைபாதைல, மேம்பாலத்துக்குக் கீழ வளர்ற பிள்ளைங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைச்சுப் பாத்துக்கோங்க. அங்கேர்ந்து கொஞ்சம் தள்ளி மௌலாலி பக்கம்தான் இந்த ஸ்கூல், 1857-லேர்ந்து இருக்கு.

லொரெட்டோ சிஸ்டர்ஸ் அயர்லாந்துலேர்ந்து 1841-ல கல்கத்தாவுக்கு வந்தவங்க. இவங்களுக்கெல்லாம் மூலம் மேரி வார்டுன்னு ஒரு இங்கிலாந்து பொம்பள. 1609-ல சபைய ஆரம்பிச்சப்ப, கன்னியாஸ்திரிங்கன்னா மடத்து மதிலுக்குள்ளதான் இருக்கணும்னு இருந்த காலத்துல, எங்களுக்கு மதில் வேணாம், வெளிய போய் பொண்ணுங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்கணும்னு நின்னவங்க. அதுக்காகவே 1631-ல போப் சபையக் கலைச்சாரு, அந்தம்மாவ மியூனிக்ல ஒரு மடத்துல அடைச்சு வச்சாங்க. அப்புறம் அவங்க பேர்ல வந்த ஸ்கூல்களுக்கெல்லாம் எவ்வளவு ஒசரத்துக்கு மதில் கட்டியிருக்கோம்னு பாத்தா சிரிப்பு வருது. எங்க ஸ்கூல் அந்த சபை இல்ல, ஆனா மதில் எங்களுதும் எட்டு அடி, மேல கண்ணாடிச் சில்லு.

மதர் தெரசாவும் முதல்ல இதே சபைல இருந்தவங்கதான். சியால்டாவுக்குப் பக்கத்துலயே என்டாலில லொரெட்டோ ஸ்கூல்ல டீச்சரா, பிரின்சிபாலா இருந்தவங்க, மதிலுக்கு அந்தப் பக்கம் மோத்திஜீல் சேரி. 1948-ல அவங்க மதில விட்டு வெளிய போய்ட்டாங்க, அந்தக் கதை உலகத்துக்கே தெரியும். முப்பத்தோரு வருஷம் கழிச்சு சியால்டா ஸ்கூலுக்கு பிரின்சிபாலா வந்த சிஸ்டர் சிரில் மூனி பண்ணது அதத் திருப்பிப் போட்ட மாதிரி. அவங்க வெளிய போகல, கேட்டத் திறந்து தெருவ உள்ள விட்டாங்க. என் கணக்குல ஒரு டீச்சருக்கு இந்த ரெண்டாவது கதைதான் உபயோகம். வேலைய விட்டுட்டுத் தெருவுக்குப் போறது நூத்துல ஒருத்தருக்கு வர்ற அழைப்பு, கேட் சாவி எல்லா ஹெச்.எம். மேஜையிலயும் இருக்கு.

என்ன பண்ணாங்க

சிரில் மூனி 1936-ல அயர்லாந்துல பிரேங்கிற ஊர்ல பொறந்தவங்க, 1956-ல இந்தியா வந்தாங்க, 1979-ல சியால்டாவுக்கு பிரின்சிபால் ஆனாங்க. அப்ப அது ஒரு சராசரி கான்வென்ட், நல்ல பேரு, ஃபீஸ் கட்டுற குடும்பத்துப் பொண்ணுங்க, ஃபீஸ் கட்டாம படிச்சவங்க நூறு பேர்கூட இருக்க மாட்டாங்க. அவங்க முதல்ல கை வச்சது அட்மிஷன்ல. கொஞ்சம் கொஞ்சமா ஏழைப் பிள்ளைங்க எண்ணிக்கைய ஏத்திட்டே வந்து, தொண்ணூறுகள் கடைசில ஏறக்குறைய 1400 பேர் படிக்கிற ஸ்கூல்ல பாதிப் பேர் ஃபீஸ் கட்டாதவங்க. ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச், ஒரே யூனிஃபார்ம். சாயங்கால ஷிஃப்ட்ல ஏழைகளுக்குத் தனியா நடத்துற ஸ்கூல் நம்ம ஊர்லயும் நிறைய உண்டு, இது அந்த மாதிரி இல்ல.

இங்க ஒரு விஷயத்த சொல்லியே ஆகணும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்து 2010 ஏப்ரல் 1-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு, தனியார் ஸ்கூல்ல 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு. சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நம்ம ஆளுங்க அன்னிக்கு எவ்வளவு நிம்மதியா மூச்சு விட்டாங்கன்னு எனக்குத் தெரியும், ஸ்டாஃப் மீட்டிங்ல நன்றி செபமே நடந்துச்சு. நிர்வாக உரிமை முக்கியம்தான், அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா சட்டம் 25 கேக்குறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஒரு கத்தோலிக்க ஸ்கூல் 50-ல நின்னுச்சுங்கிறத அந்த மீட்டிங்ல யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது 1985, ரெயின்போன்னு ஒரு திட்டம். தெருப் பிள்ளைங்கள ஸ்கூலுக்குள்ள கூப்பிட்டாங்க, மேல மாடில திறந்த இடத்துல. இந்த நேரத்துக்கு வரணும், இத்தன நாள் வரணும்னு கிடையாது. பொறுக்குற பிள்ளை பொறுக்கிட்டு வரும், தம்பியப் பாத்துக்கிற பொண்ணு தம்பிய இடுப்புல வச்சிட்டே வரும். எப்ப வந்தாலும் பாடம் சொல்லிக் குடுக்க ஆள் ரெடியா இருக்கும். யாரு அந்த ஆளு? ஸ்கூல் பிள்ளைங்கதான். அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து பத்தாங் கிளாஸ் வரைக்கும் படிக்கிற பொண்ணுங்க. ஒரு பொண்ணுக்கு ஒரு குழந்தை, பக்கத்துல பக்கத்துல உக்காந்து.

இத நான் முதல்ல படிச்சப்ப சரி, ஏதோ சனிக்கிழமை சேவைன்னுதான் நினைச்சேன், நம்ம என்.எஸ்.எஸ். மாதிரி, ஜே.ஆர்.சி. மாதிரி. இல்ல. இங்கதான் அந்தம்மாவோட மூளை. அப்ப மேற்கு வங்காள போர்டு பாடத்திட்டத்துல வொர்க் எஜுகேஷன்னு ஒரு கட்டாயப் பாடம் இருந்துச்சு, நம்ம பக்கம் கைத்தொழில் பீரியட், எஸ்.யு.பி.டபிள்யூ.ன்னு இருந்துச்சே அந்த ஜாதி. எல்லா ஸ்கூல்லயும் அந்தப் பீரியட்ல என்ன நடக்கும்? கைக்குட்டைல எம்ப்ராய்டரி, ஐஸ் குச்சில பேனா ஸ்டாண்ட், அதையும் அம்மாதான் செஞ்சு குடுப்பாங்க. சிஸ்டர் சிரில் அந்தப் பீரியட மொத்தமா எடுத்து மாடிக்குத் தூக்கிட்டாங்க. வொர்க் எஜுகேஷன்னா வேலை கத்துக்குறது, சொல்லிக் குடுக்குறதும் வேலைதானே. ஒரு நேரத்துல ஒரு கிளாஸுக்கு அந்தப் பீரியட் வர்ற மாதிரி டைம்டேபிள அடுக்கிட்டா, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மாடில எப்பவும் ஒரு கிளாஸ் பிள்ளைங்க இருப்பாங்க. தெருப் பிள்ளை எப்ப வந்தாலும் ஒரு அக்கா காத்துட்டு இருப்பா. எக்ஸ்ட்ரா டைம் இல்ல, பாடம் கெடல, புது டீச்சர் ஐம்பது பேர் தேவையில்ல. கூடவே ரெயின்போவுக்குன்னே சில டீச்சர்கள் இருந்து யாரு எதுவரைக்கும் வந்திருக்காங்கன்னு பாத்துக்கிட்டாங்க, கொஞ்சம் தேறின பிள்ளைய வயசுக்கேத்த கிளாஸ்ல, பக்கத்து ஸ்கூல்லயோ லொரெட்டோலயோ சேத்து விட்டாங்க.

இந்த ஸ்கூல் பத்தி யார் பேசினாலும் அன்பு, கருணை, தியாகம்னு பேசுறாங்க. இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு பாதி வேலையப் பண்ணது டைம்டேபிள். அன்பு மட்டும் இருந்திருந்தா அது கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு நாள் பிஸ்கட் பாக்கெட்டோட போய்ட்டு வர்றதா முடிஞ்சிருக்கும், நாங்க பதினாலு வருஷமா அதத்தான் பண்றோம்.

அப்புறம் ராத்திரி. மாடிக்கு வர்ற பொண்ணுங்க சாயங்காலம் திரும்பி நடைபாதைக்குத்தான் போகணும், அங்க ராத்திரி ஒரு பொண்ணு குழந்தைக்கு என்னென்ன நடக்கும்னு எழுத வேண்டியதில்ல. ஸ்கூல் கட்டடமோ சாயங்காலம் நாலு மணிலேர்ந்து காலைல எட்டு மணி வரைக்கும் பூட்டிக் கிடக்குது. அப்ப இங்கயே படுத்துக்கட்டும்னு ஆரம்பிச்சதுதான் பின்னாடி ரெயின்போ ஹோம்னு ஆச்சு. மத்த லொரெட்டோ ஸ்கூல்களுக்குப் பரவி, அப்புறம் வேற அமைப்புகள் கைல எடுத்து ஹைதராபாத், டெல்லி, சென்னை வரைக்கும் வந்துடுச்சு. புதுசா ஹாஸ்டல் கட்டாம இருக்குற ஸ்கூல் கட்டடத்தையே ராத்திரிக்குப் பயன்படுத்துறதுதான் இதுல விஷயம்.

வியாழக்கிழமை ஆனா இன்னொரு கூட்டம், 150 பொண்ணுங்க வாக்குல, பஸ்ல கிராமத்துக்குப் போகும். அங்க இருக்குற தொடக்கப் பள்ளிகள்ல ஒரு டீச்சர் நாலு கிளாஸ வச்சிட்டு முழிச்சிட்டு இருப்பாங்க, இந்தப் பொண்ணுங்க போய் பிள்ளைங்கள சின்னச் சின்ன குரூப்பா பிரிச்சு உக்கார வச்சு பாட்டு, கணக்கு, எழுத்து. இதுலேர்ந்து கிராமத்துலயும் சேரிலயும் இருக்குற, கொஞ்சம் படிச்ச இளவட்டங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து அவங்க ஊர்லயே டீச்சர் ஆக்குற திட்டமும் வந்துச்சு, அதுக்கு வெறுங்கால் டீச்சர்னு பேரு. செங்கல் சூளைல வேலை பாக்குற குடும்பத்துப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் பயமாவும் இருந்தது, வீட்டு வேலைக்குக் குழந்தைங்கள வச்சிருக்கிறவங்களக் கண்டுபிடிச்ச வேலை. கண்டுபிடிச்சது யாரு, அதே ஸ்கூல் பொண்ணுங்க. தன் தெருவுல, தன் ஃபிளாட்ல, சொந்தக்காரங்க வீட்டுல பத்து வயசுப் பொண்ணு யாராவது வேலைக்கு இருக்காளான்னு பாக்கணும், அவகூட ஃபிரண்டாகணும், சாயங்காலம் விளையாட, படிக்க விடச் சொல்லி அந்த வீட்டுக்காரங்ககிட்ட பேசணும். யோசிச்சுப் பாருங்க, ஃபீஸ் கட்டுற வீட்டுப் பொண்ணு தன் சித்தி வீட்டு அடுப்படிய எட்டிப் பாத்து இது யாரு, ஏன் ஸ்கூலுக்குப் போகலன்னு கேக்குறா. நம்ம ஊர்ல எந்த நிர்வாகம் இதுக்குத் துணியும்? அடுத்த நாள் காலைல கேட்ல பத்து கார் நிக்கும்.

இன்னொண்ணு, சின்ன விஷயம்னு தோணும், ரேங்க், முதல் பரிசு இதையெல்லாம் அந்த ஸ்கூல் ஒதுக்கி வச்சிடுச்சு. போன தடவைய விட இந்தத் தடவை நீ எப்படிங்கிறதுதான் கணக்கு. ரேங்க் இருந்திருந்தா மாடித் திட்டம் ஒரு வருஷம் தாங்கியிருக்காதுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பக்கத்து பெஞ்ச் பொண்ணு எனக்குப் போட்டின்னு பழக்கிட்டு, மாடில இருக்குற பொண்ணு உன் தங்கச்சின்னு சொன்னா எந்தப் பிள்ளைக்கும் ஏறாது.

எங்க இடிக்குது

குறை இல்லாம இல்ல. பதிமூணு வயசுப் பொண்ணு டீச்சர் கிடையாது. எழுத்து கூட்டிப் படிக்க, கூட்டல் கழித்தல் வரைக்கும் அவ போதும், அதுக்கு மேல ஒரு பிள்ளை தேங்கி நின்னா ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிக்க பயிற்சி வேணும், அதுக்குத்தான் பின்னாடி பெரியவங்க வேணும். தெருப் பிள்ளைக்கு மட்டும் ஏன் சின்னப் பிள்ளை டீச்சர், உங்க பிள்ளைக்கு மட்டும் பி.எட். டீச்சரான்னு கேட்டா அதுல நியாயம் இருக்கு. சட்டம் வந்த பிறகு எல்லாப் பிள்ளையும் வயசுக்கேத்த கிளாஸ்ல ரோல்ல இருக்கணும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி குடுக்கணும்னு ஆச்சு, எப்ப வேணா வா எப்ப வேணா போன்னு இருக்குற மாடி அந்தச் சட்டத்துக்குள்ள நேரா உக்காராது. அது கிளாஸுக்குப் போற படிக்கட்டா இருக்குற வரைக்கும் சரி, அதுவே கிளாஸ் ஆயிடக் கூடாது.

அப்புறம் ஆளு. 1979-லேர்ந்து 2011 வரைக்கும், முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஆளு ஒரே நாற்காலில இருந்தாங்க. 2007-ல பத்மஸ்ரீ, 2023-ல காலமானாங்க. நம்ம சபைகள்ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப் போனா ஆறு வருஷம், ட்ரான்ஸ்ஃபர். ஒரு சிஸ்டர் கிச்சன் கார்டன் போடுவாங்க, அடுத்தவங்க வந்து அதுல டைல்ஸ் போடுவாங்க. சியால்டா மாதிரி ஒண்ண வளக்கணும்னா ஆளையோ அல்லது டைம்டேபிளையோ, ரெண்டுல ஒண்ண மாத்தாம வைக்கணும்.

எங்க ஸ்கூல்ல பண்ணிப் பாத்தது

இது ஆய்வுல சேருமான்னு தெரியல, ஆனா இத எழுதாம விட்டா மேல எழுதினது எல்லாம் வெறும் படிப்பு. கடற்கரை ஊரு எங்களது, ஸ்கூல் பின்னாடி ஒரு பக்கம் மீன்காரத் தெரு, கொஞ்சம் தள்ளினா உப்பளம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி, கொரோனாவுல ரெண்டு வருஷம் மூடினதுல விட்டுப் போனது அங்க நிறையப் பிள்ளைங்களுக்கு இன்னும் திரும்ப வரல. 2021-ல வந்த இல்லம் தேடிக் கல்வில சாயங்காலம் ஒரு அக்கா வந்து சொல்லிக் குடுத்துட்டு இருந்தா, அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போய்ட்டா. அந்த ஸ்கூல் ஹெச்.எம். சார்கிட்ட போய்க் கேட்டேன், வாரத்துல ஒரு நாள் எங்க எட்டாங் கிளாஸ் பிள்ளைங்க வரட்டுமா சார்னு. அவர் என்னைய ஏற இறங்கப் பாத்து, "போட்டோ எடுக்க வருவீங்களே, அது மாதிரியாம்மா?"ன்னு கேட்டாரு. சுருக்குன்னு இருந்துச்சு, பதில் சொல்லல.

புதன்கிழமை ஆறாவது பீரியட், நாப்பது நிமிஷம், 42 பிள்ளைங்க. ரோடு தாண்டிப் போய் உக்கார பத்து நிமிஷம் போயிடுது, அதனால பி.டி. பீரியடையும் சேத்து வாங்கினேன், அதுக்கு பி.டி. மிஸ் இன்னிக்கு வரைக்கும் எங்கூட முகம் குடுத்துப் பேசல. முதல் மூணு வாரம் படு தோல்வி. எங்க பிள்ளைங்க எங்களைப் பாத்துத்தான டீச்சருன்னா என்னன்னு கத்துக்கிட்டாங்க, கைல ஸ்கேல் எடுத்துட்டாளுங்க. "கைய நீட்டு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு." ஒருத்தி செவப்புப் பேனா வாங்கிட்டு வந்து அந்தச் சின்னப் பையன் நோட்டுல பெருசா தப்பு போட்டு வச்சிருந்தா. நல்லா மார்க் எடுக்குறவளுங்கதான் மோசம், தனக்கு எப்படிப் புரிஞ்சுச்சுன்னே அவங்களுக்குத் தெரியல, புரியாதவனப் பாத்தா எரிச்சல் வருது. நாலாவது வாரம் பாதிப் பிள்ளைங்க எங்களப் பாத்ததும் பின்பக்கமா ஓடிடுச்சு.

அஞ்சாவது வாரம் நடந்ததச் சொல்றேன். எங்க கிளாஸ்ல ஒருத்தி, கணக்குல நூத்துக்கு இருபத்தி மூணு, கடைசி பெஞ்ச், டேலன்ட்ஸ் டேல சேர் தூக்குற கோஷ்டி. அம்மா மீன் விக்கிறாங்க, இவ காலைல ஏலத்துக்குப் போய்ட்டுத்தான் ஸ்கூலுக்கு வருவா. அவளுக்கு ஒதுக்கின மூணாங் கிளாஸ் பையனுக்கு 100-லேர்ந்து 65-அ கழிக்கணும், கடன் வாங்கிக் கழிக்கிறதுல அவன் சீரோகிட்ட போய் நின்னுட்டான், சீரோகிட்ட என்னத்தக் கடன் வாங்குறது. இவ ஸ்லேட்டத் தள்ளி வச்சிட்டா. "ஏல, நீ எங்கிட்ட ஒரு கூறு சாளை வாங்குற. அறுவத்தஞ்சு ரூவா. நூறு ரூவாத் தாள நீட்டுற. நான் மீதி தரணும்லா, எண்ணு." தரைல அஞ்சு சிப்பி வச்சா, "இப்ப எழுவது." அப்புறம் மூணு பெரிய சிப்பி, ஒண்ணு ஒண்ணா, "எம்பது, தொண்ணூறு, நூறு. எவ்வளவு குடுத்தேன் ஒனக்கு?" அவன் பாத்தான், "முப்பத்தஞ்சு எக்கா." அடுத்து 200-லேர்ந்து 135, அவனே பண்ணிட்டான். கழிக்கவே இல்ல, கூட்டிக்கிட்டே போனான். கடைக்காரங்க எல்லாரும் மீதிக் காசு குடுக்குறது இப்படித்தான், நான் கணக்கு டீச்சர், இத ஒரு நாளும் போர்டுல போட்டதில்ல. அவ பேப்பர்லயும் எத்தனையோ தடவை விடைய மட்டும் சரியா எழுதி வழி எழுதாம விட்டிருப்பா, நான் ஸ்டெப் இல்லைன்னு மார்க்கக் குறைச்சிருக்கேன். இருபத்தி மூணுல என் பங்கு எவ்வளவுன்னு அன்னிக்கு ராத்திரி பழைய பேப்பர் கட்ட எடுத்துப் பாத்துட்டு இருந்தேன்.

அடுத்த வாரத்துலேர்ந்து ஜோடிய மாத்தினேன். ரேங்க் வரிசைய விட்டுட்டு, தம்பி தங்கச்சிய வளக்குறவ யாரு, கடைல உக்காருறவ யாரு, கதை விடுறவ யாருன்னு பாத்துப் போட்டேன். மேடைல பாடுற அந்தப் பொண்ணுகூட வாய்ப்பாட்ட மெட்டுல போட்டுச் சொல்லிக் குடுத்தா, அவ தாலந்துக்கும் அங்க வேலை இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்க எங்க கேட் பக்கம் வந்து எட்டிப் பாத்து "அந்த மீன் எக்கா வரலியா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

ரெண்டு அடி விழுந்துச்சு. ஒண்ணு, ஒரு அப்பா நேரா ஆபீஸ் ரூமுக்கே வந்துட்டாரு. "டீச்சர், எம்புள்ள படிக்க வந்திருக்கா, பாடம் எடுக்க வரல. தலையில பேனோட வர்றா." பேன் எங்க பிள்ளைங்ககிட்டேர்ந்து அங்க போயிருக்கவும் வாய்ப்பிருக்கு சார்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சியால்டாலயும் இந்தப் பயம் இருந்திருக்கு, தரம் குறைஞ்சிடுமோ, நோய் வந்துடுமோன்னு, பரீட்சை ரிசல்ட் கீழ போகலங்கிறதுதான் அங்க வாய அடைச்சுச்சு. எங்களுக்கு அப்படிக் காட்ட இன்னும் ஒண்ணும் இல்ல. மருந்து ஷாம்பு வாங்கி ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் குடுத்தோம்.

ரெண்டாவது என் தப்பு. எங்க சிஸ்டருக்கு ரிப்போர்ட் அனுப்ப ஒரு போட்டோ எடுத்தேன், அது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், யாரோ அதுக்கு மேல "ஏழைக் குழந்தைகளுக்கு ஒளியேற்றும் எம் மாணவிகள்"னு எழுதி ஸ்டேட்டஸ்ல போட்டுட்டாங்க. ரெண்டே நாள்ல போட்டோல இருந்த பையனோட அம்மா வந்து நின்னாங்க, உப்பளத்துலேர்ந்து நேரா, கால்ல உப்பு காஞ்சு வெள்ளையா. சத்தம் போடல. "ஏன் டீச்சர், நாங்க அப்படியா இருக்கோம்?" அவ்வளவுதான் கேட்டாங்க. அந்த ஹெச்.எம். சார் முதல் நாளே சொன்னதுதானே. போட்டோ எடுக்குறத நிறுத்திட்டோம். அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, பிள்ளைங்களுக்கு உப்பு எப்படி வெளையுதுன்னு காட்ட முடியுமான்னும் கேட்டேன், சமாளிக்கத்தான் கேட்டேன், உண்மையச் சொல்லணும்ல. வரச் சொன்னாங்க. பங்குனி மாசம் 42 பேரும் பாத்தில நின்னு, அந்தம்மா பலகைய எப்படிப் புடிச்சு இழுக்குறதுன்னு காட்ட, எங்க சயின்ஸ் மிஸ் வாயப் பொளந்து பாத்துட்டு நின்னாங்க. தண்ணி எந்த அளவுக்கு ஊறினா உப்பு இறங்கும்னு அந்தம்மா கை வச்சே சொல்றாங்க. அன்னிக்கு டீச்சர் அவங்க, நாங்க சும்மா பிள்ளைங்க.

சியால்டாவ முப்பது வருஷம் ஓட்டினாங்க, நாங்க ஓட்டினது பதினெட்டு புதன்கிழமை, அதுல மூணு லீவு, ஒண்ணு மழை. ஒப்பிடவே கூடாது. ஆனா அங்க டைம்டேபிள் ஏன் அவ்வளவு முக்கியம்னு படிச்சப்ப புரியாதது இங்க புதன்கிழமை ஆறாவது பீரியடுக்கு நான் போட்ட சண்டைல புரிஞ்சுச்சு. பப்ளிக் எக்ஸாம் வருது, சப்ஸ்டிடியூஷன் வேணும், ஆண்டு விழா ரிகர்சல், பிஷப் வர்றாரு, எது வந்தாலும் முதல்ல காவு குடுக்குறது அந்தப் பீரியடத்தான். நாலு தடவை போச்சு. நாலு தடவையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க வாசல்ல உக்காந்திருந்தாங்கன்னு ஹெச்.எம். சார் ஃபோன் பண்ணாரு, திட்டல, தகவல் மட்டும் சொன்னாரு.

இப்ப மே மாசம். அடுத்த வருஷ டைம்டேபிள் சிஸ்டர் மேஜைல பென்சில்ல போட்டு இருக்கு, எட்டாங் கிளாஸ் புதன்கிழமை ஆறும் ஏழும் கட்டம் காலியா விட்டிருக்காங்க. அந்த ரெண்டு பீரியடையும் பத்தாங் கிளாஸ் ரிவிஷனுக்குக் கணக்கு டீச்சரக் கேட்டிருக்காங்களாம், அதாவது என்னைய. சிஸ்டருக்கு ஜூன்ல ட்ரான்ஸ்ஃபர்னு வேற பேச்சு. அதுக்குள்ள அந்தக் கட்டத்துல பேனால எழுதி வாங்கிடணும்னு நாளைக்கு காலைல போறேன், மீன் எக்காவையும் கூட்டிட்டு.